கட்டில் கம்பியின் மணி

என் மாமனாருக்குக் கண் தெரியாமல் போன பிறகும் நான் அவர் எதிரில் வராமல் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். பார்க்க முடியாத மனிதருக்கு முன்னால் எதற்கு வெட்கம் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படியே பழகிவிட்டது. சோறு போட்டு வைத்துவிட்டு வளையலைக் குலுக்குவேன். மாமா வந்து உட்காருவார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்த வளையல் சத்தம்தான் எங்களுக்குள் பேச்சு.

நான் குடியாத்தம் பக்கம் பிறந்து பத்தாவது வரை படித்தவள். கோலார் தங்கவயலில் வாழ்க்கைப்பட்டேன். மாமா அங்கே சுரங்கத்தில் மணி அடிக்கும் வேலை பார்த்தார். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு நிற்கிற இடத்தில், பூமிக்கு அடியில், கம்பியை இழுத்து மணி அடிக்க வேண்டும். மேலே இயந்திரத்தை ஓட்டுகிறவருக்குக் கூண்டு கண்ணில் படாது. இந்த மணிதான் அவருக்குக் கண். சுரங்கத்தை மூடியதும் என் வீட்டுக்காரர் பெங்களூருக்கு ரயிலில் போய்வந்து வேலை செய்தார். பிறகு ஜீவனஹள்ளியில் வாடகைக்கு வீடு பிடித்தோம். ஒரு ஹால், ஒரு சின்ன அறை, சமையலறை. அவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். நான் காக்ஸ் டவுனில் இரண்டு வீடுகளில் காலைச் சமையல் செய்துவிட்டுப் பதினோரு மணிக்குத் திரும்புவேன். எங்கள் ஒரே மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டோம். மாமாவும் அத்தையும் தங்கவயலை விட்டு வரவில்லை. சுரங்கத்து ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய அந்த லைன் வீட்டிலேயே இருந்தார்கள்.

மாமாவின் கண்ணைச் சர்க்கரை வியாதி கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. முதலில் பஸ் போர்டு போயிற்று, பிறகு முகங்கள், கடைசியில் ஜன்னல் வெளிச்சம். நெஞ்சில் சுரங்கத்துத் தூசி வேறு. நாலு அடி நடந்தால் இருமுவார். அவர் கண் போய் இரண்டு வருடத்தில் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. 'சரி' என்கிற ஒரு சொல் மட்டும் தங்கியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி, வலித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி. "அவங்களுக்கு எல்லாம் புரியும்மா, வார்த்தைதான் வராது" என்று டாக்டர் சொன்னார். அன்றைக்குத் தலையாட்டினோம். பிறகு மறந்துவிட்டோம்.

கண் தெரியாதவரும் பேச முடியாதவரும் அந்த லைன் வீட்டில் எப்படி இருந்தார்கள் என்று நான் உட்கார்ந்து யோசித்ததே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பொங்கலுக்குப் போனபோது இரண்டு பேரும் எதையாவது தட்டிக்கொண்டே இருப்பதைக் கேட்டேன். மாமா சுவரில், அவர் தட்டினால் அத்தை கட்டிலில். வயசானவர்களுக்குப் பொழுது போகவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் லைன் வீட்டுக் கூரையின் ஷீட் உடைந்து உள்ளே தண்ணீர் வந்தது. அத்தை வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் இனி அங்கே விடக்கூடாது என்று பிள்ளைகள் இருவரும் முடிவெடுத்து, இரண்டு பேரையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். என் மைத்துனர், வீட்டுக்காரரின் அண்ணன், பெங்களூரின் மறுகோடியில் ஹெப்பகோடியில் இருக்கிறார், அங்கே ஒரு ஃபாக்டரியில் வேலை. அவரும் நல்லவர். கத்திப் பேசுவாரே தவிர மனதில் ஒன்றும் இருக்காது.

"எங்க வீடு கீழ் வீடு, படி இல்ல. பாத்ரூம்ல உக்கார்ற சீட்டு கீது. நைனாவ நான் இட்டுக்கினு போறேன்" என்றார் அவர். "அம்மாவுக்குக் குளிப்பாட்டணும், துணி மாத்தணும். அது பொம்பளைங்க வேல. எங்க வீட்ல அவளும் ஷிஃப்டுக்குப் போறா. உன் வீட்டுக்காரி பதினொரு மணிக்கு வந்துடுது. அம்மா இங்க இருக்கட்டும். இன்னாம்மா?"

அத்தை அவரைப் பார்த்து, "சரி, சரி, சரி" என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் கண்ணில் அடிக்கடி தண்ணீர் வரும், அதனால் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

"பாத்தியா, அம்மாவே சரின்னுட்டாங்க."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளைகள் தலையில் ஏற்கனவே உட்கார்ந்தாயிற்று, இதில் தனக்கென்று ஒரு விருப்பத்தையும் ஏற்றுவதா என்று அவர் நினைத்ததைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். என் பக்கம் திரும்பி, "நீ இன்னா சொல்ற?" என்று மைத்துனர் கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து, "சரி" என்றேன். அந்தக் குடும்பத்தில் அத்தைக்கு வியாதி வந்த பிறகு அந்த ஒரு வார்த்தை மிஞ்சியது. எனக்கு ஆரம்பத்திலிருந்தே அது ஒன்றுதான்.

சிவாஜி நகரில் பழைய ஆஸ்பத்திரிச் சாமான் விற்கும் கடையிலிருந்து பக்கத்தில் கம்பி வைத்த இரும்புக் கட்டில் ஒன்று வாங்கிவந்து சின்ன அறையில் போட்டோம். அத்தையை அதில் படுக்கவைத்த பிறகுதான் மாமா ஹெப்பகோடிக்குப் போனார். நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, அப்படி நம்பியிருந்தேன் என்பதற்காகச் சொல்கிறேன். வேலைக்குப் போகுமுன் துடைத்து, உடை மாற்றி, தலை வாரி இறுக்கமாகச் சடை பின்னிவிடுவேன். படுத்தே இருப்பவர் என்று யாரும் சொல்ல முடியாதபடி வைத்திருந்தேன்.

முதல் வாரம் முழுக்க அத்தை தட்டினார். இடது கையில் ஒரு வெள்ளி மோதிரம். அதால் கட்டில் கம்பியில் மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்துவார். மறுபடியும் மூன்று. நான் ஓடிப் போய், "இன்னா அத்தை? தண்ணியா? வெளிக்கியா?" என்பேன். "சரி" என்பார். எது கொடுத்தாலும் வேண்டாம் என்று தலையைத் திருப்புவார். நான் வெளியே வந்ததும் மறுபடி மூன்று. நான் வேலைக்குப் போன நேரத்திலும் தட்டியிருக்கிறார். மேல் வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்கார அம்மா, கன்னடக்காரர், ஒருநாள் படியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனம்மா இது, காலைலேர்ந்து டக்கு டக்குன்னு? எனக்கு தலெநோவு பருத்தே. ரிப்பேர் வேலை ஏதாவது நடக்குதா உள்ளே?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. யாராவது என்னைக் குறை சொன்னால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. அன்று மத்தியானமே ஒரு பழைய துண்டை எடுத்துக் கட்டில் கம்பியில் சுற்றி, கோணி ஊசியால் தைத்துவிட்டேன். அத்தை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தைத்து முடித்ததும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அத்தை இப்ப அமைதியா ஆயிட்டாங்க" என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நல்ல சேதி மாதிரி சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் சாப்பிடுவது குறைந்தது. நாலு வாய் இட்லி, இரண்டு வாய் ஆயிற்று. ஒருநாள் இரண்டு வாய் ஓட்ஸ் கஞ்சியோடு பொழுது போனது. முதுகு சிவக்க ஆரம்பித்தது. டாக்டர் வந்து பார்த்து, இப்படியே போனால் ரொம்ப நாள் தாங்காது, சாப்பிடவைக்கப் பாருங்கள் என்றார். ஹெப்பகோடியிலும் நிலைமை சரியில்லை என்று ஃபோனில் மைத்துனர் சொன்னார்.

"நைனாவுக்கு மூளை கொழம்பிப்போச்சுடா. பக்கத்துல வீடு கட்றான். டைல்ஸ்காரன் சுத்தியால தட்னான்னா, இவரு இங்க கட்டில்ல தட்றாரு. ஹாலுக்கு நடுவுல நடந்துகினு இருந்தவரு அப்டியே நிக்கிறாரு. ஒரு கால் முன்னால ஒரு கால் பின்னால. வா நைனான்னு இழுத்தா வரமாட்டேன்றாரு. மறதி வியாதியோ இன்னாவோ. டாக்டர்கிட்ட பேர் எழுதி வச்சிக்கீறேன்."

இப்படி ஆறு வாரம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனருக்கு அல்சூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். போகிற வழியில் மாமாவை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து கூட்டிப் போவதாகச் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு அன்றும் லாரி. நான் மட்டும்தான் இருந்தேன். மாமா இளைத்திருந்தார். சட்டைக் காலரில் கழுத்து தனியாக ஆடியது. வாசல் இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு மைத்துனர் போனார். நான் ஹால் தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், மாமா வந்ததும் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன். பழக்கம்.

மாமா இருமினார்.

சின்ன அறையில் தொப் என்று ஒரு சத்தம். தலையணையில் கை வைத்துக் குத்துகிற மாதிரி. தொப், தொப், தொப். துணி சுற்றிய கம்பி. மாமாவுக்கு அது கேட்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அத்தை சுவரை விட்டுத் திரும்பியிருந்தார். துண்டு தைத்த நாளிலிருந்து எழும்பாமல் கிடந்த இடது கை, கம்பிக்கு மேலே எழும்பி, தாண்டி, எட்டாத தூரத்தில் இருந்த பீரோவை நோக்கிப் போனது. தோள் முழுக்கக் கட்டிலுக்கு வெளியே வந்துவிட்டது. விழுந்துவிடுவார் என்று நான் ஓடுவதற்குள் மோதிரம் பீரோவைத் தொட்டது.

டங். டங். டங்.

மாமா எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி பின்னால் விழுந்தது. கையால் காற்றைத் துழாவி இரும்புக் கதவைப் பிடித்து, விரல் முட்டியால் மூன்று தட்டினார். உள்ளேயிருந்து உடனே மூன்று. மறுபடி இவர் மூன்று. நான் நடுவில் கரண்டியோடு நின்றேன். அத்தையின் முகத்தில் நல்லாயிருக்கும் பாதி சிரித்தது. கோணிப்போன பாதியும் அதைப் பின்தொடர்ந்து கொஞ்சம் அசைந்தது.

"இது கட்டில் கம்பி சத்தம் இல்லியே" என்றார் மாமா, சமையலறைப் பக்கம் முகத்தை வைத்து. "இது பீரோ. கம்பிக்கு இன்னாம்மா ஆச்சு?"

உள்ளே போய்ப் பல்லாலும் கத்திரிக்கோலாலும் தையலைப் பிரித்துத் துண்டை எடுத்தேன். அத்தை கம்பியில் மெதுவாகத் தட்டிப் பார்த்தார்.

"ஆங். இது கம்பி" என்றார் மாமா.

பிறகு நடந்ததை என்னால் முடிந்தவரை ஒழுங்காகச் சொல்கிறேன். மாமா நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்து அறைப் பக்கம் கேட்டார்.

"இன்னா உனுக்கு? காலா?" என்று கேட்டுக் கதவில் இரண்டு தட்டினார். இரண்டு என்றால் ஆமாம், ஒன்று என்றால் இல்லை என்று போகப்போக எனக்குப் பிடிபட்டது.

உள்ளேயிருந்து ஒன்று.

"கால் இல்ல. முதுகா?" இரண்டு தட்டினார்.

ஒன்று.

"தலையா?"

இரண்டு.

"தலைல இன்னா? நோவா?" ஒன்று. "அரிப்பா?" ஒன்று. "சடைய இறுக்கிக் கட்டிட்டாளா?"

டங் டங். டங் டங். இரண்டு முறை.

"ஏம்மா" என்றார் என்னிடம், "அவளுக்கு சடைய இறுக்கிப் பின்னாத. வாதம் வந்த பக்கம் முடிய இழுத்தா நெருப்பு வச்ச மாதிரி எரியும். தளர்த்தி சும்மா முடிஞ்சி வுடு."

ஆறு வாரம். ஒவ்வொரு காலையும் நான் பெருமையோடு அதைச் செய்திருக்கிறேன். அவர் ஒவ்வொரு காலையும் 'சரி' என்று சொல்லியிருக்கிறார். நான் சடையைப் பிரித்துவிட்டேன். அத்தை கண்ணை மூடி நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"மருமக சோறு நல்லா போட்றாளா?" என்றார் மாமா.

டங் டங். கொஞ்சம் பொறுத்து, டங்.

மாமா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "போட்றா, ஆனா உப்பு இல்லியாம். டாக்டர் சொன்னதும்மா அது, நீ கண்டுக்காத. அவ தங்கவயல்லயே திருட்டு ஊறுகா துன்னுவா."

டங், என்று கோபமாக ஒன்று வந்தது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பேச்சுப் போனவர் என்று நான் நினைத்திருந்த மனுஷி என் வீட்டில் படுத்துக்கொண்டு புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

மாமா எழுந்தார். அவரிடம் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறார். கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு ஹாலின் குறுக்கே நடந்தார். நான் போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். மாமாவைத் தொட்டதே இல்லை என்பதால் தயங்கினேன். அந்தத் தயக்கத்துக்குள் அவர் நாலு அடி வைத்துவிட்டார். அப்போதுதான் என் கண்ணில் பட்டது. நான் விட்டுவந்த அரிவாள்மணை, கூர்ப்பக்கம் மேலே பார்க்க, நேராக அவர் பாதையில் கிடந்தது. கத்த வேண்டிய இடத்தில் கத்துவதற்குக்கூட எனக்குப் பழக்கம் இல்லை.

உள்ளேயிருந்து ஒரே ஒரு தட்டு வந்தது.

மாமா நின்றுவிட்டார். தூக்கிய கால் தூக்கிய இடத்திலேயே நின்றது. கால் விரலுக்கும் இரும்புக்கும் நாலு விரல் இடைவெளி இருந்திருக்கும். அவர் 'ஏன்' என்று கேட்கவில்லை. தடவிப் பார்க்கவும் இல்லை. சுவாசம் மட்டும் கர் கர் என்று ஓட, உடம்பு அசையாமல் நின்றது. நான் விழுந்தடித்துப் போய் அரிவாள்மணையை எடுத்தேன். சின்ன அறை வாசலில் தொங்கிய திரை பாதி விலகியிருந்தது. அந்த இடைவெளி வழியே கட்டிலில் கிடந்த அத்தையின் கண்கள் அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. வழி சுத்தம் என்று பார்த்த பிறகு கம்பியில் மூன்று தட்டினார். மாமா காலைக் கீழே வைத்தார். நடந்தார். கட்டில் விளிம்பு அவர் முழங்காலைத் தொட ஒரு சாண் இருக்கும்போது இரண்டு தட்டு. உட்கார்ந்தார். சரியாகக் கட்டிலில் உட்கார்ந்தார்.

பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளைப் பார்த்திருக்கிறேன், வேலை செய்யும் வீடுகளில் பேசும் பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஒருவருக்குக் கண் இல்லை. ஒருவருக்கு வாய் இல்லை. ஆனால் அந்தக் கம்பி வழியாக இரண்டு பேருக்கும் கண்ணும் இருந்தது, வாயும் இருந்தது. அவர்களைப் பிரித்து ஆளுக்கொரு வீட்டில் வைத்தபோது ஒவ்வொருவரிடமும் மிச்சமிருந்த பாதியையும் நாங்கள்தான் பிடுங்கியிருக்கிறோம்.

சாப்பிடும்போது மாமா அதைப் பற்றிச் சொன்னார். அத்தைக்கு வாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, 'இருக்கியா' என்று கேட்டால் 'சரி' என்று மட்டும் வந்ததாம். அவருக்குப் பயமாகிவிட்டதாம். கட்டில் கம்பியில் மூன்று தட்டியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் கதவை மூன்று தட்டுவாராம். கூண்டில் ஆள் இருக்கிறது, பார்த்து ஓட்டு என்பதற்கு மணி மூன்று. வீட்டில் அதற்கு, நான் உயிரோடு வந்துவிட்டேன் என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் அத்தை இடது கையால் மூன்று தட்டினாராம்.

"ஒண்ணுன்னா நில்லு. ரெண்டுன்னா இறக்கு. மீதியெல்லாம் நாங்களே கட்டிக்கினது" என்றார். "ஆனா ஒண்ணு கேட்டுக்க. மணி அடிச்சா மட்டும் போதாது. மேல கீறவன் அத அப்டியே திருப்பி அடிக்கணும். அவன் திருப்பி அடிச்சாதான் கூண்டு நகரும். திருப்பி அடிக்கலன்னா அவனுக்குக் கேக்கலன்னு அர்த்தம்."

முதல் வாரம் முழுக்க அத்தை கேட்டது அதுதான். மூன்று தட்டிவிட்டுக் காத்திருந்திருக்கிறார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், துணி மாற்றினேன். திருப்பித் தட்ட மட்டும் தெரியவில்லை.

"ஹெப்பகோடில டைல்ஸ்காரன் தட்னா அது அவ இல்லன்னு தெரியும்மா" என்றார் மாமா, கொஞ்சம் வெட்கப்பட்டவராக. "தெரிஞ்சாலும் ஒண்ணு விழுந்தா காலு நின்னுடுது. முப்பது வருசம் அப்டியே நின்ன காலு."

அன்று அத்தை நாலு இட்லியளவு சோறு சாப்பிட்டார். மாமா கையால் ஊட்டினார். வாய் எங்கே இருக்கிறது என்பதை அவர் முதல் விரலால் தொட்டுக் கண்டுபிடித்து, பிறகு ஊட்டினார். போதும் என்பதற்கு ஒன்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கதவுக்குப் பின்னால் போகவில்லை.

அஞ்சு மணிக்கு மைத்துனர் வந்தார். வாசலில் ஆட்டோ நின்றது. அப்போதுதான் லாரியை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரும் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"போலாமா நைனா? ட்ராஃபிக் ஆவறதுக்குள்ள போயிடலாம்."

மாமா எழுந்தார். அத்தையின் கையைத் தேடிப் பிடித்து ஒருமுறை அழுத்தினார். மகன் தோளைப் பிடித்துக்கொண்டு ஹாலைத் தாண்டினார். வாசற்படியில் கால் வைத்தபோது உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தது.

மாமா நின்றார்.

"வா நைனா, படி ஒண்ணுதான்."

மாமா அசையவில்லை. மகன் லேசாக இழுத்தார். மறுபடியும் உள்ளே ஒன்று.

"பாத்தியாடா? இதத்தான் சொன்னேன்" என்று மைத்துனர் தம்பியைப் பார்த்துக் கத்தினார். "இப்டித்தான் நின்னுடறாரு. நாளைக்கே டாக்டர்கிட்ட இட்டுக்கினு போறேன். நைனா! வா நைனா!"

நான் சமையலறையில் இருந்தேன். எனக்குத் தெரிந்தது பிள்ளைகள் இருவருக்கும் தெரியாது. இப்போது சொல்லாவிட்டால் மாமா ஆட்டோவில் ஏறிவிடுவார், அத்தை மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார், அதற்குப் பிறகு ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வார்த்தை வரவில்லை. கையில் கரண்டி இருந்தது. சமையலறைக் கதவின் தாழ்ப்பாளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். மாமாவும் முகத்தைத் திருப்பினார். நான் ஹாலுக்கு வந்து நின்றேன்.

"மணி அடிச்சிருக்குது" என்றேன். "நகரக் கூடாது."

"இன்னாம்மா?" என்றார் மைத்துனர். நான் பேசியதே அவருக்கு முதல் அதிர்ச்சியாக இருந்திருக்கும்.

"மாமாவுக்கு மறதி இல்லை. அத்தை நில்லுன்னு மணி அடிச்சாங்க, அதான் நின்னாரு. ரெண்டு பேரும் இதுலதான் பேசிக்கிறாங்க. நீங்க வேணும்னா போய் அத்தைகிட்ட மூணு தட்டிப் பாருங்க."

மைத்துனர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அவர் லைன் வீட்டில் வளர்ந்தவர். சின்னப் பையனாக அப்பா வரும் நேரத்தில் கதவு மூன்று தட்டுவதைக் கேட்டுக் கதவைத் திறக்க ஓடியவர் அவர்தான் என்று பிறகு சொன்னார். அறைக்குள் போனார். கம்பியில் மூன்று தட்டினார். அத்தை திருப்பித் தட்டும் சத்தம் கேட்டது. அவர் வெளியே வர நேரமாயிற்று. வந்தபோது மூக்கு சிவந்திருந்தது.

"ஏன் நைனா இத்தினி நாளா சொல்லல?"

"நீ கேக்கலியேடா" என்றார் மாமா. பிறகு, "சொன்னா உங்குளுக்கு பாரம்" என்றார்.

"இங்க எடம் எங்க இருக்குது?" என்று மைத்துனர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். "ரெண்டு பேரையும் ஒருத்தரே பாக்கறதுன்னா சும்மாவா? உனுக்கும் வேல இருக்குது."

"ரெண்டு பேரையும் சேத்து பாக்கறது லேசு" என்றேன். "தனியா பாக்கறதுதான் கஷ்டம். ஆறு வாரம் பாத்துட்டேன்."

என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னை யாரோ மாதிரி பார்த்தார். "நாங்க ஹால்ல படுத்துக்கறோம்ணா" என்றார். ஆட்டோவில் மைத்துனர் மட்டும் திரும்பிப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் மாமாவின் துணிமணிகளோடும் இன்னொரு கட்டிலோடும் வந்தார். இப்போது ஞாயிறுதோறும் வருகிறார், இரண்டு பேரையும் அவரே குளிப்பாட்டுகிறார். அது பொம்பளை வேலை என்ற பேச்சை யாரும் எடுப்பதில்லை.

மேல் வீட்டு அம்மாவிடம் போய்ச் சொல்வதுதான் எனக்கு மிச்சமிருந்த பயம். படியேறிப் போய், கன்னடத்திலும் தமிழிலும் தடுமாறி, சத்தம் வரும், நிறுத்த முடியாது, அது அவர்கள் பேச்சு என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சொல்ப மெல்ல தட்டச் சொல்லும்மா" என்றார், அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலையில் அவரே கீழே இறங்கி வந்து, "ஏன், இவத்து காலைலேர்ந்து சத்தமே இல்ல? சென்னாகிதாரா, நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். மாமாவுக்கு அன்று நெஞ்சுச்சளி, நெபுலைசர் போட்டுப் படுக்கவைத்திருந்தோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. அத்தையின் கால் மரத்தபடியே இருக்கிறது. மாமாவுக்கு மூச்சு மாதத்துக்கு மாதம் குறைகிறது. ஹால் முழுக்க மாத்திரை வாசனை. சில நாள் எனக்கு உடம்பு ஒத்துழைக்காது, எரிச்சல் வரும், அவர்கள் தட்டிக்கொண்டே இருக்கும்போது காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று தோன்றும். ஆனால் ஒருவர் இருமினால் மற்றவர் திரும்புவதையும், மத்தியானம் ரேடியோவில் கன்னடச் செய்தி ஓடும்போது இரண்டு பேரும் கம்பியில் அதற்குக் கேலி செய்து தட்டிக்கொள்வதையும் பார்க்கும்போது எனக்கு இன்றுவரை கை வேலை நின்றுவிடுகிறது. உடம்பில் இவ்வளவு போன பிறகும் இவ்வளவு மிஞ்சுமா என்று நினைத்துக்கொள்கிறேன்.

பதினோரு மணிக்கு வேலை முடிந்து வந்ததும் நான் உடனே சாவியைப் போடுவதில்லை. காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு இரும்புக் கதவில் மூன்று தட்டுகிறேன். உள்ளேயிருந்து இரண்டு பதில் வரும். முதலில் மோதிரம், பளிச்சென்று. பிறகு மாமாவின் விரல் முட்டி. இப்போதெல்லாம் அந்த இரண்டாவது பதில் வரத் தாமதமாகிறது. மூச்சைச் சேர்த்துக்கொண்டு தட்டுகிறார். மூன்றுக்கு நடுவில் இடைவெளி நீள்கிறது. ஒன்று. இரண்டு. நான் வெயிலில் நின்று காத்திருக்கிறேன். மூன்றாவது வந்த பிறகுதான் கதவைத் திறக்கிறேன்.